நூற்றிருபது கிலோ சத்தியம்

அலெக்ஸாண்ட்ரியா, கர்மூஸ்
24 ஜனவரி 1999

மச்சான் ரவூஃபுக்கு,

ஸலாம். நான் நலம். உன் தங்கை நாதிராவும் நலம். இதோ அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கிறாள், வாசம் இந்தக் காகிதத்தில் ஏறியிருந்தாலும் ஏறியிருக்கும். உன் முழங்கால் எப்படி? மன்சூராவில் மழை உண்டா? பட்டறையில் தீ அணையாமல் இருக்கிறதா?

போனில் கேட்கக்கூடாதா என்பாய். இருபத்தாறு வருஷமாகத் தபால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் போனில் குசலம் விசாரித்தால், கசாப்புக்கடைக்காரன் கீரை வாங்கித் தின்பது மாதிரி இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் டாக்டர் என் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "உஸ்தாத் ஷுக்ரி, நீங்க மனுஷனா, பலகாரக் கடையா?" என்று கேட்டார். வயது ஐம்பத்திரண்டு, எடை தொண்ணூற்றேழு. தினம் நடக்கச் சொல்கிறார். நடப்பது தபால்காரன் வேலை, நான் கவுண்டர்காரன். ஆகவே எடை தூக்குவது என்று முடிவெடுத்துவிட்டேன். தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து இடுப்புவரை நிமிர்வார்களே, டெட்லிஃப்ட், அதுதான்.

நீ வாலிபத்தில் நைல் டெல்டா முழுக்க எடை தூக்கி மெடல் வாங்கியவன். இப்போது இரும்புப் பட்டறையும் ஜிம்மும் சேர்த்து நடத்துகிறவன். உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்? எந்தக் கம்பி வாங்குவது? பெல்ட் அகலமாகவா, குறுகலாகவா? ஷூ எப்படி? முக்கியமான கேள்வி: ஒரு சாதாரண மனுஷன் ஏப்ரல் 12-க்குள் நூற்றிருபது கிலோ தூக்கிவிட முடியுமா?

ஏன் அந்தத் தேதி என்று கேட்காதே. அன்று வசந்தத் திருநாள், ஒரு உற்சாகத்துக்குத்தான். ஏன் நூற்றிருபது என்றும் கேட்காதே. பார்க்க நன்றாக இருக்கிற எண்.

நாதிரா ஸலாம் சொல்லச் சொல்கிறாள்.

உன் மாப்பிள்ளை
ஷுக்ரி


தமன்ஹூர்
26 ஜனவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். நான் இன்ஷிராஹ் சித்தி வீட்டில் இருக்கிறேன். வந்து ஐந்து நாள் ஆகிறது.

போன வியாழக்கிழமை கேஸ் வண்டி வந்தது. மாடிக்குத் தூக்கி வருகிற ஆள் வரவில்லை. இவர் இறங்கிப் போய் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தார். அது அசையவில்லை, இவர்தான் அசைந்தார். நான் போய் அதைத் தோளில் வைத்து நாலு மாடி ஏற்றினேன். எதிர்க் காபிக்கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்பர் பய்யூமியைத் தெரியுமே. "ஷுக்ரி, நாளையிலேர்ந்து நீ வீட்ல இரு. உங்க வீட்டம்மாவைத் தபாலாபீசுக்கு அனுப்பு, பார்சல் எல்லாம் ஒரு நாள்ல காலியாயிடும்" என்றிருக்கிறான். அதற்கு இவர் எழுந்து நின்று, டோமினோக் கட்டைகள் எகிற மேசையில் அடித்து, சத்தியம் பண்ணியிருக்கிறார்: "வசந்தத் திருநாளன்னிக்கு நம்ம கிளப்புல நூத்தியிருபது கிலோவைத் தரையிலேர்ந்து தூக்கலைன்னா, என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!"

இது மூன்றாவது, அண்ணா. எண்பத்தொன்றில் விருந்தாளி இன்னொரு புறா சாப்பிட்டே ஆகவேண்டும் என்று தலாக் மேல் சத்தியம். அவர் வயிற்றில் இடமில்லாமல் எழுந்து போய்விட்டார். தொண்ணூறில், டீக்குத் தான்தான் காசு கொடுப்பேன் என்று சத்தியம். சிநேகிதர் முந்திக்கொண்டார். இரண்டு தடவையும் எங்கள் தெரு இமாம் அதைத் தலாக் என்றே கணக்கு வைத்து, திரும்பச் சேர்த்து வைத்தார். மூன்றாவதும் விழுந்தால் சேர வழியில்லை.

நான் சண்டை போடவில்லை. துணியை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்களுக்கு எழுதுவார். ஒன்றும் தெரியாத மாதிரி பதில் எழுதுங்கள். முதுகு ஒடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாதிரா


மன்சூரா
3 பிப்ரவரி

மாப்பிள்ளைக்கு,

ஸலாம். முழங்கால் பரவாயில்லை. வெங்காய வாசம் வந்து சேர்ந்தது. நாதிரா நலம் என்று நீ எழுதியதில் சந்தோஷம்.

ஐம்பத்திரண்டில் ஆரம்பிக்கிறவனுக்கு நேர்க் கம்பி வேண்டாம். அது முழங்காலுக்கு முன்னால் கிடக்கும். பாரம் முழுக்க இடுப்பை முன்னால் இழுக்கும். உனக்கு ஆறு மூலைச் சட்டம் ஒன்று நானே பற்றவைத்து அனுப்புகிறேன். நீ அதன் நடுவில் நிற்க வேண்டும். பாரம் இரண்டு பக்கமும் தொங்கும், இரண்டு வாளித் தண்ணீர் தூக்குவது மாதிரி. பிடியை உயரமாக வைக்கிறேன், அதிகம் குனிய வேண்டாம். சட்டம் மட்டும் முப்பது கிலோ.

பாரத்துக்கு மாட்ட உன்னிடம் இருக்கப்போவது சின்ன இரும்பு பிளேட், சட்டம் தாழக் கிடக்கும். அடியில் பலகை வைத்து உயர்த்து. கீழே ரப்பர் விரிப்பு போடு, கீழ்வீட்டுக்காரர் உயிரோடு இருக்கட்டும். பிளேட் நழுவாமல் இரண்டு முனையிலும் பூட்டுப் போடாமல் தொடாதே.

ஷூ: உன்னுடைய மெத்தை வைத்த ஷூ உதவாது. தட்டையான அடி வேண்டும். இல்லாவிட்டால் வெறுங்கால்.

பெல்ட்: இப்போது வேண்டாம். பெல்ட் தைரியத்துக்குக் கட்டுவதில்லை. கையைக் கம்பியோடு கட்டுகிற வாரும் வேண்டாம். கை பிடிக்காத எடையை முதுகு தூக்கவேண்டியதில்லை.

எடை: நாற்பது கிலோவில் ஆரம்பி. வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு ஐந்து முறை. ஒவ்வொரு நாளும் இரண்டரை கிலோ ஏற்று.

கடைசியாக, ஒரு துடைப்பக் கட்டை எடுத்துக்கொள். அது தலை, முதுகு, வால் எலும்பு மூன்றிலும் பட்டுக்கொண்டே இருக்க, குனிந்து நிமிர வேண்டும். ஒரு இடம் விலகினாலும் முதுகு வளைகிறது என்று அர்த்தம். இதை நீயே பார்க்க முடியாது. பின்னால் நின்று ஒருவர் கட்டையைப் பிடிக்க வேண்டும். நாதிரா பிடிக்கட்டும்.

ஏப்ரல் 12-க்குள் நூற்றிருபது? தெரியாது. அவசரம் என்ன?

அவளை இரண்டு வரி எழுதச் சொல். கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.

ரவூஃப்


கர்மூஸ்
20 பிப்ரவரி

என் இரும்பு மச்சானுக்கு,

உடம்பில் நான் அறிந்த இடங்கள் நலம். அறியாத இடங்கள் எல்லாம் வலிக்கின்றன. உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

சட்டம் வந்துவிட்டது. தபாலில் இருபது கிலோவுக்கு மேல் எடுக்கமாட்டோம் என்று நானே எழுதி ஒட்டிய அறிவிப்பு என்னையே மறித்ததால், மைக்ரோபஸ் கூரையில் வர ஏற்பாடு செய்ததற்கு நன்றி. டிரைவர் இறக்கிவிட்டு, "உஸ்தாத், இதுக்குள்ள எந்த மாட்டைக் கட்டப்போறீங்க?" என்றான். நான் உள்ளே நின்று காட்டினேன். "பொருத்தமா இருக்கு" என்று போய்விட்டான்.

மொட்டைமாடியில் புறாக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பலகை, ரப்பர், பூட்டு எல்லாம் நீ சொன்னபடி. வெறுங்கால். இன்று ஐம்பத்தைந்து கிலோ, ஐந்து முறை. நான் மூச்சு விடுகிற சத்தத்தில் பக்கத்து மாடிப் புறாக்கள் கூடு மாறிவிட்டன. பைஜாமா நாடாவில் ஒரு முடிச்சு உள்ளே தள்ளியிருக்கிறது. கவுண்டரில் ஸைனப் அம்மா, "ஷுக்ரி, யாராவது செத்துட்டாங்களா, இளைச்சிருக்கியே?" என்று கேட்டுவிட்டாள். இதைவிட ஒரு பாராட்டு எனக்கு இந்த வயதில் கிடைக்காது.

நாதிரா பின்னால் நின்று கட்டை பிடிக்கிறாள், எண்ணிக்கையும் சொல்கிறாள். எழுதத்தான் முடியவில்லை. விரலில் அடுப்புச் சூடு பட்டுவிட்டது. சின்னக் காயம்தான், கவலைப்படாதே.

இரண்டரை கிலோ ரொம்ப மெதுவாகத் தெரிகிறது. ஐந்து ஐந்தாக ஏற்றலாமா?

உன் மாப்பிள்ளை
ஷுக்ரி


தமன்ஹூர்
25 பிப்ரவரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சித்திக்கு இருமல் குறைந்திருக்கிறது. என் விரலில் சூடு பட்ட செய்தியைப் போனில் நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். சித்தி மருந்து தடவட்டுமா என்று கேட்டாள்.

நேற்று அலெக்ஸாண்ட்ரியா போய், மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற பெரிய ஷேக்கைப் பார்த்தேன். மூன்றையும் சொன்னேன். புறாக் கதையில் கொஞ்சம் சிரித்தார். பிறகு சொன்னார்: "பிரியணும்னு நெனைச்சுச் சொன்னா அது தலாக். வீறாப்புக்குச் சொன்னா அது வெறும் சத்தியம்தான் மகளே. மீறினா பத்து ஏழைகளுக்குச் சோறு போடணும், அவ்வளவுதான். ஆனா அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு நீ சொல்ல முடியாது. அவர் வந்து, ஜம்பத்துக்குச் சொன்னேன்னு தன் வாயால சொல்லணும்."

இவ்வளவுதான் விஷயம். நூற்றிருபது கிலோ தூக்கவே வேண்டியதில்லை. இரண்டு வார்த்தை சொன்னால் போதும். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தையை இவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு தடவையும் இமாமிடம், "ஆண்பிள்ளை சொன்னது சொன்னதுதான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அவரிடம் இப்போது சொல்லாதீர்கள். சர்க்கரை இறங்கட்டும். இன்னொன்றும் இருக்கிறது. நான் அவருக்கு மனைவிதானா என்பதை ஷேக் சொல்வார். திரும்பிப் போவதா என்பதை அவர் சொல்லமாட்டார். அதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நாதிரா


மன்சூரா
2 மார்ச்

மாப்பிள்ளைக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் நலம்.

ஐந்து கிலோ கூடாது. உன் தசை ஒரு மாதத்தில் தேறிவிடும். எலும்பைக் கட்டியிருக்கிற நரம்பும் நாரும் தேற ஆறு மாதம் ஆகும். தசை உன்னிடம் பொய் சொல்லும்.

கிளப்பில் இருக்கும் நேர்க் கம்பியைத் தொடாதே. யார் சிரித்தாலும் சரி.

நாதிரா கட்டை பிடிக்கிறாள் என்பது நல்ல செய்தி. கட்டை விலகினால் என்ன சொல்கிறாள்? எழுது. விரல் ஆறிவிட்டதா?

ரவூஃப்


கர்மூஸ்
22 மார்ச்

மச்சானுக்கு,

ஸலாம். நீ நலமா, உன் மனைவி மக்கள் நலமா. இந்தத் தடவை நான் நலம் என்று எழுத முடியவில்லை.

இதைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருந்தால் அதுதான் காரணம். மூன்று நாளாகச் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறேன்.

போன வாரம் மாடியில் எண்பத்திரண்டரைக்கு வந்திருந்தேன். காலண்டரைப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் ஏப்ரல் 12-க்கு நூற்றிருபது வரவில்லை. வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் போனேன். பய்யூமி இருந்தான். "என்ன ஷுக்ரி, மொட்டைமாடியில மாட்டுச் சட்டத்துக்குள்ள நின்னு பால் கறக்கிறியாமே? ஆம்பளைங்க கம்பி இங்க கிடக்கு" என்றான். தன் பெல்ட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டியும் விட்டான். கட்டியதும் எனக்கு ஏதோ ராணுவத்தில் சேர்ந்த மாதிரி இருந்தது. நேர்க் கம்பி, நூற்றுப்பத்து கிலோ. முழங்கால்வரை வந்தது. அங்கே முதுகில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

டாக்டர் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பு என்கிறார்.

மச்சான், நாதிரா வீட்டில் இல்லை. ஜனவரியிலிருந்தே இல்லை. வெங்காயம் நான் வதக்கியது, அதுவும் கருகியது. விரல் சூடும் என்னுடையதுதான். காபிக்கடையில் வைத்து, நூற்றிருபது தூக்காவிட்டால் அவளுக்குத் தலாக் என்று சத்தியம் பண்ணிவிட்டேன். மூன்றாவது முறை. அவள் துணியை எடுத்துக்கொண்டு தமன்ஹூர் போய்விட்டாள்.

அந்தத் துடைப்பக் கட்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைக் கயிறு போட்டு என் முதுகில் கட்டிக்கொண்டேன். தலையில் ஒரு சுற்று, நெஞ்சில் ஒன்று, இடுப்பில் ஒன்று. கட்டிவிட்டால் அது விலகவே விலகாது, மச்சான். நான் எப்படி வளைந்தாலும் கூடவே வளைந்து கொடுத்து, எல்லாம் சரி என்றே காட்டும்.

பக்கத்தில் தண்ணீர்க் கூஜா இருக்கிறது. எட்டவில்லை. அதை வைத்தவனும் நானேதான்.

திட்டுவதாக இருந்தால் பெரிய எழுத்தில் திட்டு. மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருக்கிறது.

ஷுக்ரி


மன்சூரா
29 மார்ச்

மாப்பிள்ளை,

பெருநாள் வாழ்த்து. வீட்டில் எல்லோரும் உன் உடம்பைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரியும். ஜனவரி கடைசியிலிருந்தே தெரியும்.

கட்டையைக் கயிற்றால் கட்டியது மட்டும் தெரியாது. அதைப் போனில் நாதிராவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

வலி போனதும் நட. நாலு நாள் கழித்து, பாரம் எதுவும் ஏற்றாமல் வெறும் சட்டம். அது சுகமாக வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. எண்பதைத் தாண்டாதே. பெல்ட்டை அந்த பார்பரிடம் திருப்பிக் கொடு.

ரவூஃப்


தமன்ஹூர்
3 ஏப்ரல்

தாரிக் அப்பாவுக்கு,

ஸலாம். நான் நலம். முதுகு எப்படி இருக்கிறது? குவைத்திலிருந்து தாரிக் பெருநாளுக்குப் போன் பண்ணினான். அம்மா எங்கே என்று கேட்டதற்கு, கறி வாங்கப் போயிருக்கிறாள் என்றீர்களாம். பிறகு இங்கே பண்ணினான். மூன்று மணிநேரமா கறி வாங்குவாய் என்று என்னைக் கேட்டான்.

பெரிய ஷேக்கைப் பார்த்தேன். நீங்கள் அன்று ஜம்பத்துக்குச் சொன்னீர்களா, என்னை விட்டுவிடவேண்டும் என்று நினைத்துச் சொன்னீர்களா என்று அவர் உங்களிடமே கேட்கவேண்டுமாம். ஜம்பம்தான் என்றால் பத்துப் பேருக்குச் சோறு. தலாக் இல்லை. நீங்கள் எதையும் தூக்கவேண்டாம்.

இது ஷேக்குக்கு. எனக்கு அது போதாது. சத்தியத்தை ஷேக் வீட்டில் பண்ணவில்லை. யார் முன்னால் என்னை மேசைமேல் வைத்தீர்களோ, அவர்கள் முன்னாலேயே எடுக்கவேண்டும். முடியாது என்றால் எழுதுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டேன். இங்கேயே இருந்துவிடுவேன்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் இல்லை.

நாதிரா


கர்மூஸ்
14 ஏப்ரல்

நாதிராவுக்கு,

ஸலாம். முதுகு நலம். மாத்திரை முன்னால்தான். சர்க்கரை நூற்று நாற்பத்தெட்டு. சித்தியின் இருமலுக்கு என் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஷேக்கிடம் போனேன். "ஜம்பத்துக்குச் சொன்னேன்" என்றேன். "மூணுமா?" என்றார். "மூணுமே" என்றேன். எழுதிக் கொடுத்தார். உள்ளே வைத்திருக்கிறேன்.

மறுநாள் திருநாள். கிளப்பில் நாற்பது பேர். திருநாள் வழக்கப்படி உப்பிட்ட மீனும் பச்சை வெங்காயமும் தின்றுவிட்டு வந்திருந்தார்கள். மூச்சுவிட்டே என்னைத் தோற்கடித்திருக்கலாம். என் சட்டத்தை மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தேன். பய்யூமி தன் கையாலேயே பிளேட் ஏற்றி நூற்றிருபது ஆக்கினான். நான் உள்ளே நின்றேன்.

"முதல்ல கொஞ்சம் பேசணும்" என்றேன்.

"வாயால தூக்குறது கணக்குல வராது" என்றான் பய்யூமி.

"தூக்கலை. அன்னிக்கு நான் சொன்னது ஜம்பம். பொண்டாட்டியை விடணும்னு சொல்லலை. சிலிண்டர் தூக்க முடியாத வெக்கத்துல சொன்னேன். எண்பத்தொண்ணுல சொன்னதும் ஜம்பம், தொண்ணூறுல சொன்னதும் ஜம்பம். அவளை வெச்சுச் சத்தியம் பண்ண எனக்கு ஒரு உரிமையும் இல்லை. இனிமே பண்ணமாட்டேன்."

இரண்டு வார்த்தை என்று உன் அண்ணனிடம் சொல்லியிருந்தாயாம். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. எடைக்குத் தகுந்த தபால்தலை ஒட்டித்தானே பழக்கம்.

"அப்ப சிலிண்டரை உங்க வீட்டம்மா தூக்குவா, நீ தூக்கமாட்டே. அதானே?" என்றான் பய்யூமி.

"அதேதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு பூட்டைக் கழற்றினேன். பக்கத்துக்கு ஒரு இருபது கிலோ பிளேட்டை உருவிக் கீழே வைத்தேன். ஊர் பார்க்கப் பாரத்தைக் குறைப்பது, ஊர் பார்க்கப் பைஜாமா நாடாவை அவிழ்ப்பது மாதிரி. எண்பது ஆயிற்று. பூட்டைத் திரும்பப் போட்டேன், ஷூவைக் கழற்றினேன், இரண்டு முறை தூக்கி வைத்தேன். முதுகு வளையவில்லை என்று நினைக்கிறேன். பார்த்துச் சொல்ல ஆளில்லை. மூன்றாவது முறை தூக்கவில்லை. மூன்று என்ற எண்ணோடு எனக்கு இனிமேல் பேச்சுவார்த்தை கிடையாது.

பத்துப் பேருக்கு நேற்றுச் சோறு போட்டேன். பதினொன்றாவதாகப் பய்யூமி வந்து உட்கார்ந்தான். போட்டேன்.

வருகிறாயா என்று கேட்கமாட்டேன். கேஸ் தீரப்போகிறது என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஷுக்ரி


தமன்ஹூர்
18 ஏப்ரல்

தாரிக் அப்பாவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். ஷேக் எழுதிய காகிதம் கிடைத்தது. சித்திக்கு வாசித்துக் காட்டினேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அன்று கேஸ் வண்டி நாள். மாடிக்குத் தூக்கி வருகிற ஆளைக் கூப்பிடவேண்டாம். நீங்களும் அவசரப்பட்டுக் குனியவேண்டாம், நான் வரும்வரை சிலிண்டர் கீழேயே இருக்கட்டும்.

துடைப்பக் கட்டையை எடுத்து வையுங்கள். கயிற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கட்டையை நான் பிடிக்கிறேன்.

நாதிரா